துவைக்கும் கல்

பவானி ஆற்றங்கரையில் மூன்று ஓட்டு அறைகளும் பின்னால் ஒரு தோட்டமுமாக ஒரு சிறு மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் மீனலோசனி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் பத்து வருஷம் தபால் ஆபீசில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். மடத்துக்கு வருகிறவர்கள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள்.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். அறுபத்தாறு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்நூறு பையன்கள் நிற்கிற மைதானத்தில் கடைசி வரிசையில் எவன் முணுமுணுத்தாலும் அவர் காதில் விழுந்துவிடும். ஊரே அவரை மாஸ்டர் என்றது. குருவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மகள் வயதுப் பெண் முன்னால் கைகட்டி நிற்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். அவருக்கு அதில் கூச்சமே இல்லை. விசில் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான்.

மார்கழி முடிகிற சமயம் ஒரு காலையில் அவர் வந்தார். குரு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்விங்க."

"கேளுங்க மாஸ்டர்."

"வீட்டுல எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து விளையாடோணும்னா என்னங்க பண்ணோணும்?"

குரு நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆள் இதுவரை மோட்சம், கர்மம் என்றுதான் கேட்டிருக்கிறார். அதெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து கேட்பது. இது அப்படி இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"விவரமாச் சொல்லுங்க."

"இருபது வருஷமா நடத்திட்டு வந்தனுங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், எங்க பொடக்காளியில." வீட்டின் பின்புறத்தை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "சாக்கு ஓட்டம், ஸ்பூன்ல எலுமிச்சம்பழம், கயிறு இழுக்கறது, உறியடி. மகன், மருமக, மக, மாப்பிள்ளை, பேரன் பேத்தி எல்லாரும் வந்துருவாங்க. யாரு எப்ப ஓடோணும்னு முதல் நாளே அட்டையில எழுதித் தொங்கவிட்டுருவேன்."

"நல்லாத்தான இருக்குது."

"போன பொங்கலுக்கு யாரும் வரலீங்க. மகனுக்கு லீவு கிடைக்கலைன்னான். பேத்திக்குப் பாட்டு கிளாஸ்னு மக சொல்லிட்டா. நான் சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"சாயங்காலம் வரைக்கும் நின்னனுங்க. அந்தக் கோடு பங்குனி மழைக்குத்தான் அழிஞ்சுது."

குரு கீரையைத் தள்ளி வைத்தார்.

"இந்த வருஷம் வர்றேன்னுட்டாங்க. நேத்து மக வளர்மதி போன் பண்ணுனா. 'எல்லாரும் வர்றோம்ப்பா. ஆனா விளையாட்டு மட்டும் வேண்டாம்'னா." அவர் கையை விரித்தார். "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்க. அதையும் வேண்டாம்னுட்டா நான் அவங்களுக்கு யாருங்க?"

"மக எந்த ஊரு?"

"ஈரோடுங்க. ஒண்ணரை மணி நேரம்."

"நீங்க அங்க போறதுண்டா?"

"வீடு குடிபோன அன்னைக்குப் போனனுங்க. மத்தபடி அவங்கதானுங்களே வரோணும்."

குரு தள்ளி வைத்த கீரையை மறுபடி எடுத்தார். "ஞாயித்துக்கிழமை இங்க வந்து நடத்துங்க. எங்களுக்கு" என்றார்.

"இங்க யாருங்க இருக்கறாங்க?"

"நானு. சமையலுக்குப் பாவாயி. தோட்டத்துக்கு மயில்சாமி."

"மூணு பேருதானுங்களே!"

"உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"ஒம்பதுங்க."

சொன்னவர் நிறுத்தினார்.

"எட்டுங்க."

*

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் சென்னியப்பன் வந்துவிட்டார். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். மடத்தின் பின்னால் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் இடம் பார்த்து, சுண்ணாம்புத் தூளால் ஓர் ஆரம்பக் கோடும் ஒரு முடிவுக் கோடும் போட்டார். நூல் பிடித்த மாதிரி இருந்தன இரண்டும். மூன்று பேர் பெயரை அட்டையில் எழுதிக் கொய்யாக் கிளையில் மாட்டினார்.

அவர் முகத்தில் பல மாதமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பாவாயி ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். குரு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், எனக்கு இதெல்லாம் வராது. என்னை ஒப்புக்குச் சப்பாணியாச் சேத்துக்குங்க."

ஆட்டம் தெரியாத சின்னக் குழந்தையைப் பெரிய பிள்ளைகள் அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் கூடவே ஓடும். ஆனால் அதற்கு அவுட்டே கிடையாது.

"எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்லீங்கம்மா" என்றார் சென்னியப்பன். "சின்னதோ பெருசோ, விளையாடுனா ஒழுங்கா விளையாடோணும்."

"சரி."

அவர் முடிவுக் கோட்டுக்குப் போய் நின்று விசில் ஊதினார். மூவரும் நடந்தார்கள். பாவாயியின் பழம் ஐந்தாவது அடியில் விழுந்தது. மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். குரு, கட்டைவிரலால் பழத்தை அமுக்கிக்கொண்டு வந்தார். ஒளிவுமறைவே இல்லை. ஆடி அசைந்து வந்தார்.

சென்னியப்பன் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார்.

"அம்மா, விரல் படக் கூடாதுங்க."

"பட்டா?"

"அவுட்டுங்க."

"அப்ப ஊதுங்க."

அவர் ஊதவில்லை. குரு நின்ற இடத்திலேயே, பழத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஊதுங்க மாஸ்டர்."

"முடியலீங்கம்மா."

"ஏன்?"

"நீங்க பெரியவங்க."

"உங்களைவிட இருபத்தேழு வயசு சின்னவ நான். பெரியவங்களுக்கு ஊத மாட்டீங்களா?"

சென்னியப்பன் விசிலைக் கையில் மூடிக்கொண்டார். பாவாயி சிரிப்பதை நிறுத்தினாள். மயில்சாமி மண்வெட்டி எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனார்.

"ஊதியிருக்கறனுங்க" என்றார் சென்னியப்பன். "எங்க வீட்டம்மாவுக்கு."

"எப்ப?"

"மூணு பொங்கலுக்கு முன்னால. இதே ஆட்டந்தாங்க. அவ கட்டைவிரலை வெச்சா. நான் ஊதிட்டேன். துளசிமணி, அவுட்டுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. போய்த் துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்துக்கிட்டா. மீதி ஆட்டம் பூராவும் அங்கிருந்தே கை தட்டிட்டிருந்தா."

"அப்புறம்?"

"அந்தப் பங்குனியிலயே அவ போய்ச் சேந்துட்டா. நரம்புல என்னமோ கோளாறாம். ரொம்ப நாளாவே இருந்துருக்குது. யாருகிட்டயும் சொல்லல. அதனாலதான் கை நிக்கல போல."

"அவுட்டுன்னு சொன்னப்ப அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னமோ சொன்னா. சத்தத்துல காதுல விழலீங்க."

"எட்டுப் பேர் சத்தத்துலயா?"

சென்னியப்பன் குனிந்து சுண்ணாம்புப் பையின் வாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"ஆட்டம் நடக்கறப்ப நீங்க எங்க நிப்பீங்க?" என்று குரு கேட்டார்.

"முடியற கோட்டுலங்க. அங்க நின்னாத்தான் யாரு முதல்ல வர்றாங்கன்னு தெரியும்."

"துவைக்கிற கல்லு எங்க இருக்குது?"

"ஆரம்பக் கோட்டுக்குப் பின்னாலங்க."

"அங்கிருந்து பாத்தா என்ன தெரியும்?"

"தெரியலீங்க. நான் அங்க உக்காந்ததில்லை."

குரு தன் ஸ்பூனிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பாவாயியிடம் கொடுத்தார். "இதைப் புழிஞ்சு எல்லாருக்கும் ஒரு டம்ளர் கலக்கிக் கொண்டா."

"அம்மா, இந்த விசிலை ஆத்துல போட்டறட்டுங்களா?"

"அது என்ன பண்ணுச்சு?"

சென்னியப்பன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொங்கல் முடிஞ்சு வாங்க" என்றார் குரு. "உங்க கேள்விக்கு அப்பப் பதில் சொல்றேன்."

*

பொங்கலுக்கு எல்லாரும் வந்தார்கள். மகன் திருமூர்த்தியும் அவன் மனைவியும் இரண்டு பையன்களும் காரில் வந்தார்கள். வளர்மதியும் அவள் கணவனும் ஏழு வயது மகிழினியும் பஸ்ஸில் வந்தார்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. பொங்கல் வைத்தார்கள். துளசிமணியின் படத்துக்குப் பூப் போட்டார்கள். அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை சென்னியப்பன் சுண்ணாம்புப் பையை எடுக்கவில்லை. அட்டை எழுதவில்லை. பழக்கதோஷத்தில் ஆறரைக்கே வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டுவிட்டார். போட்டபின்தான் நினைவு வந்தது. கழற்றவும் மனமில்லாமல் அதோடு அங்குமிங்கும் நடந்தார். வீடு நிறைய ஆள் இருக்கும்போது இப்படித் தனியாக இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பத்து மணி வாக்கில் பொடக்காளியில் குழந்தைகள் சத்தம் கேட்டது. மகிழினி ஒரு குச்சியால் தரையில் ஆரம்பத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கோடு பாம்பு மாதிரி போயிற்று. பையன்கள் இருவரும் சமையலறையிலிருந்து ஸ்பூன்களும் எலுமிச்சம்பழங்களும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அப்புச்சி, நீங்களும் வாங்க!" என்று தாத்தாவைக் கூப்பிட்டாள் மகிழினி.

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். வளர்மதி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு விளையாடத் தெரியாது கண்ணு."

"தெரியாட்டிப் போகுது. நீங்க ஒப்புக்குச் சப்பாணி."

திருமூர்த்தி சிரித்துவிட்டான். வேஷ்டியை மடித்துக்கொண்டு அவனும் கோட்டுக்கு வந்தான். அவன் மனைவி வந்தாள். மாப்பிள்ளையும் வந்து நின்றார். முடிவுக் கோட்டில் ஆள் இல்லை. மகிழினி ஓடிப்போய்ச் சுவர் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துவந்து அம்மாவின் கழுத்தில் மாட்டினாள். வளர்மதி அதைக் கழற்றப் போனாள். குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மெதுவாக நடந்து முடிவுக் கோட்டுக்குப் போனாள்.

விசில் ஊதியது. எல்லாரும் கிளம்பினார்கள்.

சென்னியப்பன் இருபது வருஷம் அந்த ஆட்டத்தை நடத்தியிருக்கிறார். ஒருமுறைகூட அந்த ஸ்பூனைப் பிடித்ததில்லை. மூன்றாவது அடியில் பழம் விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தார். அவர் கையும் நடுங்கிற்று. கட்டைவிரல் தானாகப் போய்ப் பழத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வளர்மதி பார்த்துவிட்டாள்.

அவள் ஊத வேண்டுமென்று நினைத்தாளா, தெரியாது. விசில் ஊதியது. ஊதியவளே திடுக்கிட்டாள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"அம்மா! ஒப்புக்குச் சப்பாணிக்கு அவுட்டு இல்லம்மா!" என்று மகிழினி கத்தினாள்.

"இல்ல கண்ணு" என்றார் சென்னியப்பன். "ஊதியாச்சு. அப்புச்சி அவுட்டு."

அவர் திரும்பி நடந்து, ஆரம்பக் கோட்டைத் தாண்டி, துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தார். கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. குழந்தைகள் மறுபடியும் ஆரம்பித்தார்கள். பெரியவர்களும் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆட்டம் போனது. வளர்மதி வந்து கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"அம்மாவும் இங்கதான் உக்காந்திருந்தாங்க."

"ம்."

"கை நடுங்குது, அதான் விரலை வெச்சேன்னு அம்மா சொன்னாங்கப்பா. நீங்க ஊதறதுக்கு முன்னாலயே சொன்னாங்க." அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "நீங்க தூரத்துல நின்னீங்க. உங்களுக்குக் கேட்டிருக்காது. மூணு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கறேன்."

அவர் தப்பிக்க அவளே வழி செய்து கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். பழையபடி வருஷா வருஷம் வருவார்கள்.

"கேட்டுதும்மா" என்றார் சென்னியப்பன்.

வளர்மதி திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டுமா ஊதுனீங்க?"

அவர் தலையாட்டினார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். மதியச் சாப்பாட்டில் அவள் பேசவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மகிழினி மட்டும் தெருமுனை வரை கையாட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் திருமூர்த்தியின் காரும் போய்விட்டது.

சென்னியப்பன் பொடக்காளிக்குப் போனார். கோணல் கோடு அப்படியே இருந்தது. துவைக்கும் கல்லின் மேல் விசில் இருந்தது. கயிறு ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அன்று ராத்திரி அவர் சமைக்கவில்லை.

*

மறுவாரம் மடத்துக்கு வந்தபோது வெள்ளை ஷூ இல்லை, செருப்புதான். குரு கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் நடந்ததை முழுக்கச் சொன்னார். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் குரு கேட்டுக்கொண்டார்.

"அம்மா, கேக்கலைன்னே சொல்லியிருக்கலாங்களா?"

"கேட்டுதா, இல்லியா?"

"கேட்டுதுங்க."

"அப்புறம் என்ன?"

சென்னியப்பன் கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கல்லு மேல உக்காந்து பாத்தனுங்க."

"என்ன தெரிஞ்சுது?"

"முதுகுங்க. எல்லாரோட முதுகும். ஓடறவங்க எல்லாரும் நம்மளை விட்டுட்டுத்தான் ஓடறாங்க. நான் இருபது வருஷமா முடியற கோட்டுல நின்னனுங்களா, எனக்கு மொகமாவே தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சுட்டே என்னைப் பாத்து ஓடி வந்தாங்க." அவருக்குக் கண் கலங்கிற்று. மறைக்கவில்லை. "துளசிமணி அத்தனை முதுகையும் பாத்துக் கை தட்டிட்டிருந்துருக்கறா, அம்மா."

குரு கழுவிய சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கிணற்று மேடையில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டுங்க. இனி எனக்கு வேண்டாம்."

குரு அதைத் தொடவில்லை.

"இதைக் கடைசியா யாரு ஊதுனா?"

"வளர்மதிங்க."

"யாரு அவுட்டு?"

"நானுங்க."

"அப்ப இது அவளுது. எங்கிட்டக் குடுத்தா எப்படி?"

"அவகிட்டக் குடுக்கோணும்னா அவ வரோணுங்களே. அடுத்த பொங்கலுக்கு வருவாளோ என்னமோ. போன் பண்ணுனாலும் எடுக்கறதில்லை. இனி எப்ப வருவாளோன்னு..."

குரு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விசிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஈரோட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, மாஸ்டர்?"